கிணற்றுப் பங்கு: யாழ்ப்பாணத் தோட்டங்களினூடே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மலையும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. மழை ஓய்ந்த பின் அந்த நீரை நம்பித்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் விளைகின்றன. எனவே இங்கு விவசாயத்தின் வரலாறு என்பது கிணற்றின் வரலாறு. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டு இறைத்ததும், அந்தப் பங்கு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென வேறு ஏற்பாடுகளைக் கட்டி எழுப்பியதும் அதில் அடங்கும். நகரிலிருந்து வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று சுற்றிவரும் பயணி இந்த வரலாற்றின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு மண்ணில் காணலாம்.

செம்மண்

யாழ் நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போகும்போது திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று போகப் போக மண் சிவந்துகொண்டே வருகிறது. சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்துள்ள இந்தச் செம்மண் நீரை விரைவாக உள்ளே விடும். வேர் தடையின்றி ஓடும். எருவும் நீரும் கிடைத்தால் ஒரே தறையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் எடுக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் மண் ஆழமாக இல்லை. சில காணிகளில் மண்வெட்டி ஒரு முழம் இறங்குவதற்குள் கல்லில் முட்டும். அந்தக் கல்லைக் கிளறி எடுத்து, எல்லையில் அடுக்கி, எருவும் குழையும் இட்டு மண்ணை வளர்த்த பல தலைமுறைகளின் உழைப்புத்தான் இன்று வலிகாமத்தில் தெரியும் தோட்டத்தறைகள்.

இங்கு காணியை ஏக்கரில் பேசுவோர் குறைவு, பரப்பில்தான் பேச்சு. வரகு விதைக்கும் மேட்டு நிலத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைக்கும் வயலில் 24 பரப்பு ஓர் ஏக்கர். நான்கு பரப்புத் தோட்டத்தை நம்பி ஒரு குடும்பம் வாழும் நாட்டில் ஒரு வரம்பின் அகலம்கூடப் பெரிய விடயம். நிலம் சிறுத்திருப்பதால் அதைத் தரிசாக விட்டு ஆற வைக்க முடியாது. எடுத்ததை உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

திருப்பிக் கொடுப்பதற்கு இந்த மண்ணில் வழக்கங்கள் பல உண்டு. வேலியில் நிற்கும் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் எல்லை காப்பதற்கு மட்டும் நட்ட கதியால்கள் அல்ல. தழைத்ததும் கிளைகளை வெட்டிக் குழையைத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். கூரையிலும் வேலியிலும் காலம் முடித்த பனையோலை புகையிலைத் தறையில் புதையும். அறுவடைக்குப் பின் தறையில் ஆட்டுப் பட்டியோ மாட்டுப் பட்டியோ அடைத்து, பட்டியை நாளுக்கு நாள் இடம் மாற்றினால் தறை முழுவதும் எரு விழும். தோட்டக்காரருக்கு எரு, மந்தை வைத்திருப்பவருக்குக் கூலி. வேலி, கூரை, மந்தை, பயிர் எல்லாம் ஒரே சுழற்சிக்குள் இணைந்திருந்த வாழ்க்கை அது.

கிணறு

புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை அடியில்லாக் கிணறு என்று ஊரார் சொல்வதுண்டு. சுண்ணாம்புக் கல் கரைந்து உருவான இந்தப் பெரும் குழியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. குடாநாட்டின் நிலத்தடி நீர் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது. எனவே மழையாக இறங்கிய நீர், கல்லின் துளைகளில் ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பொதுக்கணக்கு. இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர் நாற்பது அடி மேலே ஏறிவிடும். கல்லுக்குள் வேலி இல்லை. ஒருவர் தோட்டத்தில் ஏறும் உவர் அடுத்தவர் கிணற்றிலும் தெரியும்.

இறைப்பு மிசின் வருமுன் இந்த நீரை மேலே கொண்டுவந்தது துலா. கிணற்றருகே ஆடுகால் நட்டு, அதன் மேல் நீண்ட துலாவை ஏற்றி, நுனியில் கொடியும் பனையோலைப் பட்டையும் கட்டுவார்கள். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையை இறக்கித் தூக்கிச் சரிப்பார். இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் மாறுவார். ஒரு குடும்பத்தின் கை மட்டும் இதற்குப் போதாது. இன்று ஒருவரின் தோட்டத்துக்கு, நாளை மற்றவரின் தோட்டத்துக்கு என்று கைமாற்றாக உழைத்தால்தான் இறைப்பு நடக்கும். பொழுது விடியுமுன் தொடங்கும் இந்த வேலையிலேயே பிள்ளைகள் பயிர்த்தொழிலைக் கற்றார்கள்.

தண்ணீர் மாறுவதை அருகில் நின்று பார்த்தால் அதிலுள்ள நுட்பம் தெரியும். மண்ணால் அணைத்த வாய்க்காலில் நீர் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் மாறுபவர் ஒரு பாத்தியின் வாயை மண்வெட்டியால் ஒரே வெட்டில் திறப்பார். பாத்தியின் கடைசி மூலைவரை ஈரம் போய்ச் சேரச் சற்று முன்னரே, அந்த மண்ணை இழுத்து வாயை அடைத்து அடுத்த பாத்தியைத் திறப்பார். முன்னரே அடைத்தால் மூலையில் நிற்கும் வெங்காயம் வாடும். பிந்தி அடைத்தால் வேரடியில் நீர் தேங்கும், கிணற்றிலும் வீணாகக் குறையும். எந்த அளவில் அடைப்பது என்பதைப் பக்கத்தில் நின்று பழகினால் மட்டுமே அறியலாம்.

கிணறு தோண்டுவது பெருஞ்செலவு. கல்லை உடைத்து இறங்க வேண்டும். அதனால் அயல் காணிக்காரர் சேர்ந்து ஒரே கிணற்றை வெட்டினர். அல்லது ஒருவர் வெட்டியது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்காக இறங்கியது. நான்கில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று கிணற்றுப் பங்கு காணி உறுதியிலேயே எழுதப்படும். கிணற்றுக்குப் போகும் வழியும் வாய்க்காலும் உரிமையாகச் சேரும். பங்குக்கேற்ப இறைப்பு முறை வகுக்கப்படும். இன்று இன்னாருக்கு, நாளை இன்னாருக்கு என்ற அந்த முறையைப் பங்காளிகள் மனத்திலேயே வைத்திருந்தார்கள். முறையை மீறுவது ஊரில் பெரிய குற்றம்.

1950களில் எண்ணெய் மிசின்கள் பரவியபோது உடலுழைப்பு குறைந்தது, பயிர்ப் பரப்பு கூடியது. துலாவால் நாள் முழுதும் இறைத்த நீரை மிசின் மிகச் சில மணி நேரத்தில் கொட்டியது. கையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மிசினுக்குக் களைப்பு இல்லை. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டங்கள் நாடு முழுவதற்கும் உணவளித்தன. கமக்காரரின் கையில் காசு புழங்கிய அதே காலத்தில் கரையோரக் கிணறுகளில் உவரும், உட்பகுதிக் கிணறுகளில் யூரியாவின் எச்சமும் ஏறத் தொடங்கின.

உறுதியில் எழுதிய ஒழுங்கு

இந்தப் பங்குமுறைக்குப் பின்னால் ஒரு சட்டமரபு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதைச் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றனர். அதுவே தேசவழமை. முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் என ஆதனத்தை வகைப்படுத்தியும், ஒற்றி முதலிய கொடுக்கல் வாங்கல்களை ஒழுங்குபடுத்தியும் அது காணியின் போக்கைத் தீர்மானித்தது.

அதன் கூறுகளுள் நிலப் பாதுகாப்புக்கு மிக உதவியது முன்கொள்வனவு உரிமை. பங்குக் காணியில் தன் பங்கை ஒருவர் விற்க விரும்பினால் முதலில் உடன்பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வாங்க முன்வந்தால் வெளியாருக்கு விற்க முடியாது. இந்த உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழுங்கு செய்யப்பட்டது. சிறு துண்டுகளாகப் பிரிந்துகொண்டே போகும் காணி அந்நியர் கையில் சிதறாமல் இருக்கவும், கிணற்றுப் பங்கும் வாய்க்காலும் பழகிய கைகளிலேயே தொடரவும் இது வழிசெய்தது.

இதன் அருமை அமெரிக்கக் கறுப்பின விவசாயிகளின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் அரை நூற்றாண்டுக்குள் தம் உழைப்பால் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினர். 1910க்குப் பின் வந்த தலைமுறைகளில் அதன் பெரும்பகுதி கைநழுவியது. கடன் மறுப்பும் வன்முறையும் இதற்குக் காரணங்கள். மற்றொரு காரணம் பங்குக் காணி. மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் நிலம் எல்லா உரித்தாளிகளுக்கும் பொதுவாகும். எங்கோ நகரத்தில் வாழும் ஓர் உரித்தாளியின் சிறு பங்கை வெளியார் வாங்கி, வழக்குப் போட்டு, முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. உடன்பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ள வாய்ப்பளிக்கும் மாதிரிச் சட்டம் அங்கே 2010இல்தான் வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வழக்கம் மூன்று நூற்றாண்டுக்கு முன்பே எழுத்தில் வைத்திருந்த பாதுகாப்போடு நெருங்கிய ஒன்று அது.

பங்கு மறுக்கப்பட்டவர்கள்

தேசவழமை காத்தது காணி உடையவர்களை. அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் முதலிய சமூகங்களை அது அடிமை நிலையில் வைத்துப் பேசுகிறது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலையோடு நிலம் வரவில்லை. கல் கிளறியதும் துலா மிதித்ததும் குழை சுமந்ததும் பெரும்பாலும் அவர்களின் கைகள். தறையோ கிணறோ அவர்களுடையதாக இல்லை. அவர்கள் தொட்டால் கிணறு தீட்டாகும் என்று சொல்லப்பட்டதால், தாங்களே இறைத்த கிணற்றில் தாங்களே அள்ளிக் குடிக்க முடியாமல், யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற பெண்களின் தலைமுறைகள் இந்த மண்ணில் வாழ்ந்தன. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயரிட்டது இந்த வாழ்வை அறிந்துதான்.

இதற்கு எதிரான அமைப்பு முயற்சிகள் 1920களிலேயே தொடங்கின. 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவெடுத்துக் கல்விக்கும் சம உரிமைக்கும் போராடியது. அதன் முயற்சியால் ஒடுக்கப்பட்ட மக்களின் ஊர்களில் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் சாதித்தடையைக் குற்றமாக்கியது. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்குப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் காவல்துறையின் தாக்குதலைச் சந்தித்தது. தேநீர்க்கடை, கோயில், கிணறு என்று போராட்டம் பரவியது. இன்று காங்கேசன்துறை வீதியில் சுன்னாகச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் வண்டிகள் போகும் பாதை அந்த ஊர்வலம் நடந்த பாதைதான்.

நிலச் சட்டங்கள் செம்மண்ணை வந்தடையவில்லை. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தந்தது. அது வயலுக்கு மட்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ தோட்டம் செய்தவர்களுக்கு அதனால் பயனில்லை. 1972இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. நான்கு பரப்பும் எட்டுப் பரப்புமாகத் துண்டுபட்ட குடாநாட்டில் அந்த உச்சவரம்பைத் தாண்டியவர் மிக அரிது. எனவே பகிர்ந்தளிக்க எதுவும் கிடைக்கவில்லை. நிலமற்ற பல குடும்பங்கள் கிளிநொச்சிக் குடியேற்றங்களை நோக்கிப் போயின. போகாதவர்கள் தங்களுக்குக் கிடைத்த ஒரே வளத்தை, பனையை, பற்றிக்கொண்டார்கள்.

வலிகாமம் வடக்கு: திரும்பி வந்த நிலம்

புன்னாலைக்கட்டுவனைத் தாண்டி வடக்கே போனால் செம்மண் இருக்கிறது, ஆனால் தோட்டத்தின் தோற்றம் மாறுகிறது. வயாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், மயிலிட்டி, பலாலி ஆகிய ஊர்களின் மக்கள் 1990இல் உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. குடாநாட்டின் மிகச் செழித்த செம்மண் பரப்புகளுள் ஒன்று இருபது ஆண்டுக்கு மேல் உரியவர்களின் கைக்கு எட்டவில்லை. மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போர் முடிந்த பின்னும், 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் வழக்குத் தொடுத்தனர், வீதியில் நின்றனர். நிலம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது; மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திறந்துவிடப்பட்டது. இன்னும் திரும்பாத காணிகளும் உண்டு.

திரும்பியவர்கள் கண்டது பற்றைக் காட்டை. கதியால் வேலிகள் அழிந்து எல்லைகள் தெரியவில்லை. கிணறுகள் தூர்ந்திருந்தன. முதியவர் ஒருவர் பழைய கிணற்றையோ கோயிலின் அடித்தளத்தையோ கண்டுபிடித்து, அங்கிருந்து அடி அளந்து இன்னாரின் காணி இதுவென்று காட்ட வேண்டியிருந்தது. இதற்குள் காணிக்காரர் சிலர் இறந்திருந்தனர். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்தனர். ஒரு கிணற்றுக்கு நான்கு பங்காளிகள் இருந்த இடத்தில் பதினைந்து உரித்தாளிகள் வந்துவிட்டனர். இத்தகைய காணியில் முதல் வேலை பயிர் செய்வதல்ல. பங்காளிகளைத் தேடி ஓர் உடன்பாட்டுக்கு வருவது. ஊரில் உள்ளவர் பயிர் செய்யவும் வெளிநாட்டில் உள்ளவர் உரிமையை வைத்திருக்கவும் இணங்கிய இடங்களில் கிணறு துப்புரவாகித் தறை மீண்டும் சிவக்கிறது. இணங்காத இடங்களில் பற்றை நிற்கிறது.

வடமராட்சி: சீவல் தொழிலாளரின் சங்கம்

பருத்தித்துறை வீதியால் கிழக்கே போகும்போது செம்மண் குறைந்து மணல் கூடுகிறது, பனை அடர்கிறது. பனையில் ஏறிப் பாளை சீவுவது ஒடுக்கப்பட்ட சாதியினரின் தொழிலாக இருந்தது. மரம் ஒருவருடையது, தவறணை எனப்படும் கள்ளுக்கடை இன்னொருவருடையது, உயிரைப் பணயம் வைத்து ஏறுவது மட்டும் சீவல் தொழிலாளியுடையது. தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் பிடியில் விலையும் கடனும் இருந்தன.

1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது அந்த ஒழுங்கு மாறியது. தவறணை சங்கத்தின் கைக்கு வந்தது. அங்கத்தவர் காலையிலும் மாலையிலும் இறக்கிய கள்ளைக் கொண்டுவந்து அளக்கிறார்; அளவு பதியப்படுகிறது; விலையைச் சங்கம் தீர்மானிக்கிறது. கூலியில் ஒரு சிறு பகுதி சேமிப்பாகக் கழிக்கப்படுகிறது. மரத்திலிருந்து விழுந்தவருக்கும், பாளை வராத மாதங்களில் வருமானமில்லாதவருக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் அந்தச் சேமிப்பும் சங்க நிதியும் கைகொடுத்தன. வடமராட்சிச் சங்கங்கள் சேர்ந்து விற்றுமீந்த கள்ளைச் சாராயமாக்கும் திக்கம் வடிசாலையையும் நடத்தின. பரம்பரையாகத் தாழ்த்தப்பட்ட தொழில் ஒன்று சொந்த நிருவாகமும் கணக்குப் புத்தகமும் கொண்ட நிறுவனமானது. தலைவரும் செயலாளரும் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தார்கள்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மிசிசிப்பியிலும் இத்தகைய முயற்சி நடந்தது. வாக்காளராகப் பதிய முயன்றதற்காக 1962இல் பருத்தித் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஃபானி லூ ஹேமர் என்ற பெண், 1969இல் 40 ஏக்கரில் 'விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு' தொடங்கினார். வேலையிழந்த பருத்தித் தோட்டக் கூலிக் குடும்பங்கள் அங்கே காய்கறி விளைவித்தன. ஒரு பெண் பன்றியைப் பெற்ற குடும்பம் அது ஈன்ற குட்டிகளை வளர்க்கும் 'பன்றி வங்கி'யும் அங்கே இருந்தது. தன் உணவைத் தானே விளைவிப்பவரைப் பட்டினி போட்டு மிரட்ட முடியாது என்பது ஹேமரின் உறுதியான எண்ணம். வெள்ளமும் வறட்சியும் கடனும் சேர்ந்து சில ஆண்டுகளில் அந்தப் பண்ணையை முடக்கின. வடமராட்சிச் சங்கங்கள் போரையும் தாண்டி நின்றதற்குக் காரணம், அவை நன்கொடையை நம்பாமல் அன்றாடம் அளக்கும் கள்ளின் வருமானத்தில் நின்றது.

போரில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. பனங்கொட்டையைச் சேர்த்து நட்டு மீண்டும் வளர்க்கும் இயக்கம் குடாநாட்டில் பழையது. 'மில்க்வைற்' சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசா பனை விதைப்பை ஊர் ஊராகப் பரப்பியதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். நட்டவர் பயன் காணப் பல ஆண்டுகள் ஆகும் மரம் பனை. பிந்திய தலைமுறைக்காக நடுவதே அதன் இயல்பு. கைதடியில் இயங்கும் பனை ஆராய்ச்சி நிறுவகம் அந்த வளத்தின் அறிவியல் பக்கத்தைப் பார்க்கிறது.

தென்மராட்சியும் தீவகமும்

தென்மராட்சியில் தென்னையும் மாவும் பலாவும் வயலும் சேர்ந்து நிற்கின்றன. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தபோது சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் ஊர்களின் கிணறுகளே இலட்சக்கணக்கானோரின் தாகத்தைத் தீர்த்தன.

மேற்கே தீவகத்தில் நீரும் மண்ணும் குறைவு. வெளியேறிப் பிழைக்கும் வழக்கம் அதிகம். ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன்னில் பிறந்தவர் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். அவரும் மருத்துவர் எஸ். இராசசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு காந்தீயம் இயக்கத்தை நடத்தினர். 1977இன் தமிழர் எதிர்ப்பு வன்செயலில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் அதன் வழியாக நிலத்தில் குடியமர்ந்தன. நாவலர் பண்ணையில் விவசாயப் பயிற்சி நடந்தது. ஊர்களில் முன்பள்ளிகள் திறந்தன. தொண்டர் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் அவற்றை நடத்தினர். 1983இல் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார்.

காந்தீயத்துக்கு ஊக்கம் தந்த சிந்தனை கடல் கடந்தும் விளைந்தது. 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதானமும், ஊர் முழுவதும் நிலத்தைப் பொதுவில் வைக்கும் கிராமதானமும் அமெரிக்கச் சிவில் உரிமைப் போராளிகளின் கவனத்தை ஈர்த்தன. 1969இல் ஜோர்ஜியா மாநிலத்தின் லீ கவுண்டியில் சார்ள்ஸ் ஷெரோட், ஷேர்லி ஷெரோட் முதலியோர் ஏறத்தாழ 5,700 ஏக்கரில் 'நியூ கொம்யூனிட்டீஸ்' என்ற கூட்டுப்பண்ணையை அமைத்தபோது அந்தச் சிந்தனையும் அதில் சேர்ந்திருந்தது. நிலம் அறக்கட்டளைக்கு, பயிர் செய்யும் உரிமை குடும்பங்களுக்கு என்பது அதன் ஒழுங்கு. வறட்சிக் காலத்தில் கடனுதவி மறுக்கப்பட்டு 1985இல் அந்த நிலம் பறிபோனது. பாகுபாட்டுக்கு எதிரான வழக்கில் கிடைத்த இழப்பீட்டைக் கொண்டு 2011இல் அதே மக்கள் ஒரு பழைய அடிமைத்தோட்டத்தை வாங்கி மீண்டும் தொடங்கினர்.

கற்றலும் காத்தலும்

குடாநாட்டின் ஊர்களில் தோட்டமும் கோயிலும் போலவே தவறாது காணப்படுவது சனசமூக நிலையம். ஒரு சிறு மண்டபம், வாங்குகள், அன்றைய பத்திரிகைகள், பக்கத்தில் விளையாட்டுத் திடல், பல ஊர்களில் ஒரு முன்பள்ளி. இறைப்பு முடித்து வரும் கமக்காரர் பத்திரிகை பார்ப்பதும், சந்தை விலையைப் பேசுவதும், எந்தக் கத்தரிக்கு எந்த நோய் வந்தது என்று கேட்டறிவதும் இங்குதான். விவசாயப் போதனாசிரியர் கூட்டம் வைப்பதும் கமக்காரர் அமைப்பு கூடுவதும் பெரும்பாலும் இங்கேயே. பெண்களின் கடன் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதே வாங்குகளில் கணக்குப் பார்க்கின்றன. 1906இல் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த குதிரை வண்டி விதையும் கருவிகளும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று கறுப்பின விவசாயிகளுக்குக் கற்பித்தது. அங்கே பள்ளி ஊரைத் தேடிப் போனது. இங்கே ஊரே தன் செலவில் ஒரு மண்டபம் கட்டிக் கற்கும் இடத்தை உண்டாக்கியது.

கூட்டுறவும் இந்த மண்ணில் ஆழ வேரூன்றியது. புகையிலை விற்பனவுச் சங்கங்கள், சிக்கனக் கடன் சங்கங்கள், மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை ஆகியவை சிறு கமக்காரரின் சேமிப்பில் எழுந்தவை. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவுத் தலைவரும் ஆசிரியருமான வ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்குகிறது. கற்பித்தவரே கூட்டுறவையும் கட்டியது இங்கு இயல்பாக நடந்தது.

காக்க வேண்டியவை இன்று கூடியிருக்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கான எல்லையைத் தாண்டுகிறது. யூரியாவும் மலக்குழிகளும் அதற்குக் காரணம். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், அதை இயக்கிய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது கமக்காரர் தடுமாறினர். 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் யூரியாவும் வராத காலத்தில் குழையையும் பட்டியையும் கொண்டு சமாளித்த முதியவர்களின் அறிவு இம்முறை எல்லாத் தோட்டங்களிலும் எஞ்சியிருக்கவில்லை. 2024இல் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீருக்கு உதவும். தோட்டத்துக்கு நீர் தருவது தொடர்ந்தும் அந்த நிலத்தடி வில்லைதான்.

எனவே குடாநாட்டின் தோட்டங்கள் நிலைப்பதற்கு வேண்டியவை எவை என்பதை இந்த மண்ணின் வரலாறே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. கிணற்றுப் பங்காளிகள் கூடி இறைப்பின் அளவையும் எருவின் அளவையும் தீர்மானிக்கும் பழக்கம் மீண்டும் வர வேண்டும். வெளிநாட்டில் வாழும் உரித்தாளிகள் தம் காணியை ஊரில் உழைப்பவருக்கு எழுத்து உடன்பாட்டோடு பயிர் செய்யக் கொடுக்க வேண்டும். தோட்டக் குத்தகைக்காரருக்கு, வயல் குத்தகைக்காரருக்கு 1958இல் கிடைத்தது போன்ற பாதுகாப்பு வேண்டும். தலைமுறைகளாகத் துலா மிதித்தும் பங்கு பெறாத குடும்பங்களுக்கு விடுவிக்கப்படும் அரச காணியிலும் கைவிடப்பட்ட காணியிலும் முதலிடம் வேண்டும். கிணற்று நீரை மிச்சப்படுத்துவோர் தொகை கூடக் கூடத்தான் உவர் கீழே நிற்கும். ஒரு பங்காளியை விலக்கி வைத்த எந்த ஒழுங்கும் அந்த நீரை முழுதாகக் காத்ததில்லை.